ஓடைக்கரையில் வெள்ளைக் கல்

முதலில் அந்த வெந்நீரைக் குடியுங்கள் சார். சமவெளியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி மூன்று நாள்தான் ஆகிறது என்றார்கள். அதற்குள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வருகிறீர்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை உயரத்தில் இருக்கும் எங்கள் லே ஊரில் முதல் வாரம் படி ஏறுவதற்குக்கூட ஒரு முறை உண்டு. ஒரு படி, ஒரு மூச்சு. உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டர் யார் சொன்னதையும் கேட்கவில்லை, முதல் வாரமே மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்துவிட்டார். நல்ல மனிதர்தான். போன ஆகஸ்டில் அவர் எழுதி மூடிய ஒரு கோப்பைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

என் பெயர் லுண்டுப். வயது ஐம்பத்திரண்டு. மோட்டார் சைக்கிளில் வரும் பயணிகளை சாங் லா கணவாயைத் தாண்டி லுங்மார் ஏரிவரை கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். வருகிறவர்கள் முழங்கால், முழங்கை, முதுகு எல்லாவற்றிலும் கவசம் மாட்டிக்கொண்டு போருக்குப் போகிறவர்களைப் போல வருவார்கள். கணவாயில் பதினேழாயிரம் அடிக்கு மேல் நின்று, பெயர்ப்பலகைக்கு முன்னால் படம் எடுப்பதற்குள் பாதிப் பேருக்குத் தலை சுற்றும், மீதிப் பேருக்கு வாந்தி வரும். ஊருக்குப் போனதும் மலையை வென்று வந்ததாக எழுதுவார்கள். நானும் அதற்கெல்லாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். அடுத்த வருடமும் அவர்கள் வர வேண்டும் அல்லவா.

கணவாயிலிருந்து இறங்கி, ராணுவச் சாலையை விட்டுப் பிரிந்தால் ஏரிக்கு நாற்பது கிலோமீட்டர் மண்பாதை. ஏரிக்குப் பதினோரு கிலோமீட்டர் முன்னால் ஓர் ஓடை குறுக்கிடும். பாலம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பாலம் வரும், மேடைப்பேச்சில். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர், வெயில் ஏறி மேலே பனி உருக உருக, பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் இடுப்புக்கு வந்துவிடும். சாம்பலைக் கரைத்தது போன்ற நிறம், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த வெள்ளம் அடியில் கிடக்கும் சரளையைத் தன் இஷ்டத்துக்கு வாரிப் போட்டுவிட்டுப் போவதால், நேற்று நீங்கள் சுகமாகக் கடந்த இடத்தில் இன்று ஆளை விழுங்கும் குழி இருக்கும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். அன்றைக்கு முதலில் ஓடைக்கு வருகிறவன் வண்டியை நிறுத்திவிட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு கோலோடு தண்ணீரில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். ஆழமில்லாத தடம் அகப்பட்டதும் இந்தக் கரையில் ஒரு கல்குவியல், அந்தக் கரையில் ஒரு கல்குவியல். பின்னால் வருகிறவர்கள் இந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இறங்கி, எதிர்க்கரைக் குவியல்மேல் கண்ணை வைத்து நேராக விட்டால் போதும். அன்று முழுவதும் அந்தக் கல்லை வேறு யாரும் தொடக் கூடாது. கடைசியாகக் கடக்கிறவன் இரண்டையும் காலால் தட்டிக் கலைத்துவிட வேண்டும், மறுநாள் யாரும் பழைய கல்லை நம்பி இறங்கிவிடாதபடி. எங்கள் பைக் சங்கத்தில் அச்சடித்த விதிகள் முப்பத்தாறு இருக்கின்றன. ஒன்றையும் யாரும் படித்ததில்லை. எங்கும் எழுதாத இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை.

என் குவியலின் உச்சியில் எப்போதும் ஒரு வெள்ளைக் கல் இருக்கும். வண்டிப் பையிலேயே வைத்திருப்பேன், திரும்பும்போது எடுத்துக்கொள்வேன். கோலை ஊன்றி அங்குலம் அங்குலமாக நடந்து பார்த்து, மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் அந்தக் கல் ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். "லுண்டுப்போட வெள்ளைக் கல்லா? அப்பக் கண்ண மூடிக்கிட்டு விடு" என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். அதற்காக நான் கர்வப்பட்டதில்லை. எந்தெந்த வருடம் யார் யார் அப்படிச் சொன்னார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஒட்சல் என் மனைவி யாங்டோலின் தம்பி. சண்டிகரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அங்கே வேலை பிடிக்காமல் திரும்பி வந்து, அவனும் பைக் குழுக்களை ஏரிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தான். முப்பத்தொரு வயது. சிரித்த முகம், யாரைக் கண்டாலும் முதலில் ஜுலே என்று வணக்கம் சொல்லிவிடுவான். அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல். என்னை அச்சோ என்றுதான் கூப்பிடுவான், எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல. நானும் அவனை நோனோ என்பேன், தம்பி என்று. உறவில் ஒரு குறையும் இருந்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் கையில் ஒரு போன் இருந்தது. எல்லார் கையிலும்தான் இருக்கிறது, இவன் போனில் ஓடை இருந்தது. யார் எந்த இடத்தில் கடந்தார்கள் என்பதை வானத்தில் சுற்றும் ஏதோ ஒன்று பார்த்துக் கோடு போட்டு வைத்திருக்குமாம். போன மே மாதம் சங்கக் கூட்டத்தில் அதைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினான்.

"அச்சோ, கோவிச்சுக்காதீங்க. நீங்க வைக்கிற கல்லு ஒரு நாளைக்குத்தான் நிக்கும். இதுல பாருங்க, போன வருஷம் எவன் எங்க கடந்தான், எங்க விழுந்தான், எல்லாம் இருக்கு."

"எங்க விழுந்தான்னுகூட இருக்கா? அப்ப உனக்கு ரொம்ப உபயோகமா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதுதான் அவனோடு தொல்லை.

"நான் விழுந்தா நீங்க தூக்க மாட்டீங்களா அச்சோ?"

"தூக்காம? முதல்ல ஒரு படம் எடுத்துக்குவேன், அப்புறம் தூக்குவேன்."

அதற்கும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு சங்கத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏரிப்பாதைக்கு இனி யார் முன்னோடி, யார் காட்டும் தடத்தில் மற்றவர்கள் போவது என்பதை அக்டோபர் கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம் என்றார். இப்போதைக்குச் சும்மா ஒரு அபிப்பிராயம் தெரியட்டுமே, ஒட்சலுக்கு ஆதரவாக இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். இருபத்தேழு பேரில் பத்தொன்பது கை. தூக்கியவர்களில் பாதிப் பேர் என் கல்லை நம்பி அந்த ஓடையைக் கடந்து, பிள்ளை குட்டி பெற்று, வீடு கட்டியவர்கள். நான் ஒட்சலின் தோளைத் தட்டிக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறது சார், எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

வீட்டுக்கு வந்தால் யாங்டோலுக்கு விஷயம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"வயசாகுதுல்ல, விட்டுக் குடுங்களேன். யாரு அவன், நம்ம பையன்தான?"

"நான் எங்க புடிச்சு வச்சிருக்கேன்? எடுத்துக்கட்டும்."

"அப்படிச் சொல்றப்ப மூஞ்சியயும் கொஞ்சம் அப்படி வச்சுக்குங்க."

அவள் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டதே கிடையாது.

இனி அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை. அதற்கு முதல் நாளே நான் ஆறு பேரை ஏரிக்கரைக் கூடாரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். ஆறு பேருக்கும் தலைவலி. படுத்துக் கிடந்தார்கள். ஏரியின் நிறம் மணிக்கு ஒரு தடவை மாறும் என்று கேட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள், போர்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கவில்லை. ஏரிப்பக்கம் அன்று வேறு வழிகாட்டி யாரும் இல்லாததால் கல் வைக்க நான்தான் ஓடைக்கு வந்தேன். ஒன்பது மணிக்குத் தண்ணீரில் இறங்கினேன். குளிர் எலும்பைக் கடித்தது. முக்கால் மணி நேரம் தேடி நல்ல தடம் ஒன்றைப் பிடித்து, இரண்டு கரையிலும் கல் வைத்தேன். தடத்துக்குக் கொஞ்சம் கீழே ஓடைக்குள் ஒரு பெரிய பாறை, அதன் முன்னால் என் கோல் முழுவதும் போயும் அடி தட்டாத ஒரு குழி. முந்தின நாள் அது அங்கே இல்லை.

பத்து மணிக்குக் கூடாரத்துக்கு அரிசியும் கேஸும் கொண்டுவரும் பிக்அப் வந்தது. டிரைவர் முத்துப் என்பவன், வாய் ஓயாதவன். நான் கரையில் நின்று கையைக் காட்டி அவனை இம்மி பிசகாமல் கடக்க வைத்தேன். ஒரு மூட்டைகூட நனையவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அச்சோ, உங்க மச்சினன் பின்னால வர்றான், அஞ்சு வண்டி. கணவாய்ல ராணுவ லாரி வரிசயா நிக்குது, எப்படியும் மூணு மணி ஆயிடும்னான். உங்க பிளாஸ்க்குல வெண்ணெய்த் தேநீர் மிச்சம் வைக்கச் சொன்னான்."

"மூணு மணின்னா தண்ணி ஏறிடுமே. கல்லப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"கல்லா?" முத்துப் கியரை மாற்றிக்கொண்டே சிரித்தான். "அவன் கைலதான் போன் இருக்கே அச்சோ. இனிமே நீங்க அந்த வெள்ளக் கல்ல வீட்டுக்குக் கொண்டுபோயி ஊறுகாய் ஜாடி மேல வைங்க."

நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் சரியான தடத்தில் கல் வைத்தேன் என்று மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் வாக்குமூலம் கொடுத்தேன், அது உண்மை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நான் சொல்லாமல் விட்டது, அதே கல்லைப் பதினொன்றரை மணிக்கு மறுபடியும் வைத்ததை. ஏரிப்பக்கக் குவியலை மட்டும்தான் தொட்டேன். மொத்தம் பதினான்கு கல். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழ்ப்பக்கம், பாறைக்கு நேராகக் கொண்டுபோய் அடுக்கினேன். வெள்ளைக் கல்லைத் தண்ணீரில் கழுவி உச்சியில் வைத்தேன், எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் வெயிலில் பளிச்சென்று தெரியும்படி. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அவனைக் கொல்ல நினைத்ததாக எழுதிவிடாதீர்கள், அது அபாண்டம். நான் நினைத்தது என்ன என்று சொல்கிறேன். அவனுக்குத்தான் கல் வேண்டாமே. போன் இருக்கிறது, வானம் இருக்கிறது, பத்தொன்பது கை இருக்கிறது. அவன் கல்லைத் திரும்பியும் பார்க்க மாட்டான் என்று ஊரே சொல்கிறது. அப்படியானால் என் கல் எங்கே இருந்தால் அவனுக்கு என்ன? அவன் சொன்னது உண்மையாக இருந்தால் அந்தப் பதினான்கு கல்லால் அவனுக்கு ஒரு சின்னக் கெடுதலும் வரப்போவதில்லை. யோசித்துப் பாருங்கள், நான் அவன் பேச்சை முழுக்க நம்பிச் செய்த காரியம் இது. சங்கத்திலேயே என்னைவிட அதிகமாக அவனை நம்பியவர் யாரும் கிடையாது.

பிறகு ஏரிப்பக்கத்தில் காற்று படாத ஒரு பாறை மறைவாகப் பார்த்து உட்கார்ந்தேன். யாங்டோல் சுட்டுக் கொடுத்த ரொட்டியை உலர்ந்த ஆப்ரிகாட்டோடு சாப்பிட்டேன். மர்மோட் என்கிற கொழுத்த மலை அணில் ஒன்று வளையிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, பிரயோஜனமில்லாத ஆள் என்று உள்ளே போய்விட்டது. ஒரு மணிக்குத் தண்ணீரின் சத்தம் மாறியது. இரண்டு மணிக்குக் கரையோரக் கற்கள் மூழ்க ஆரம்பித்தன. அந்த மூன்றரை மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்க் கல்லைப் பழைய இடத்தில் வைத்திருக்கலாம், அதற்கு ஐந்து நிமிடம் போதும். எழுந்திருக்கவில்லை. வெயில் இதமாக இருந்தது.

மூன்று மணி தாண்டிப் பத்து நிமிடத்துக்கு ஐந்து வண்டிகளும் எதிர்க்கரைக்கு வந்தன. ஒட்சல் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். தண்ணீரைப் பார்த்தான். போனை எடுத்துப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். அவன் குழுவில் புனேயிலிருந்து வந்த கேதகி என்று ஒரு பெண், அவளும் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் கையை நீட்டி என் கரைப்பக்கம் காட்டினான். இரைச்சலில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். மற்ற நால்வரையும் நிற்கச் சொல்லிவிட்டு வண்டியைத் தண்ணீரில் இறக்கினான்.

கத்தியிருக்கலாமே என்பீர்கள். கத்தினால் கேட்டிருக்காது. வெளியே வந்து கையை ஆட்டியிருக்கலாம், அது அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். ஆட்டவில்லை.

பாதி தூரம் அழகாக வந்தான், நல்ல ஓட்டம். ஓடைப் பாறைக்கு முன்னால், அந்தக் குழியில், முன்சக்கரம் காணாமல் போயிற்று. வண்டி அவன் மேலேயே சாய்ந்தது. ஒரு கை மட்டும் இரண்டு முறை வெளியே வந்தது. எதிர்க்கரையில் நால்வரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், சத்தம் வரவில்லை. என் கிண்ணத்தில் பாதித் தேநீர் இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். அவன் மிச்சம் வைக்கச் சொன்ன தேநீர்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, ரொம்பச் சிறப்பாக எழுதியிருக்கிறார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, உயிரைத் துச்சமாக நினைத்து, உறைகிற வெள்ளத்தில் குதித்து, ஐம்பது அடி கீழே அவனைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில். நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், வாயில் ஊதிப் பார்த்தேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள், நான் நிஜமாகவே அழுதேன். என் மச்சினன் சார் அவன்.

எதிர்க்கரையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். கணவாய்க்குத் திரும்பிப் போக அவர்களால் முடியாது, ஒருத்திக்கு நடுக்கம் நிற்கவில்லை. அவர்களைப் பத்திரமாக இந்தப் பக்கம் கொண்டுவருவது என் பொறுப்பு. அதனால் பதினான்கு கல்லையும் தூக்கிப் பழையபடி மேலே, சரியான தடத்தில் வைத்தேன். அவர்கள் அப்போது கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள், சௌகரியமாகப் போயிற்று. கயிற்றைக் கட்டி, வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, ஒவ்வொருவராக நடத்திக் கூட்டிவந்தேன். என் கல் வழியாகத்தான் வந்தார்கள். யாருக்கும் கால்கூடப் பிசகவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். கல் மேலே இருக்கிறது, வண்டி கீழே குழியில் கிடக்கிறது. பளிச்சென்று புரிந்துவிட்டது அவருக்கு.

"கல்ல மதிக்காம போனப் பாத்துப் போயிருக்கான். படிச்ச முட்டாள்."

அந்தப் பெண் கேதகி முன்னால் வந்தாள்.

"சார், கல்லு நேத்து இங்க இல்ல. அவர் கல்லப் பாத்துத்தான் போனாரு. நான் பக்கத்துலயே நின்னேன்."

"இந்த உயரத்துல கண்ணு பொய் சொல்லும்மா. உங்களுக்கு ஆக்ஸிஜன் பத்தல. போயிப் படுங்க."

அடுத்த நாள் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கோப்பு மூடப்பட்டது. சாவுக்குக் காரணம்: உள்ளூர்க் கல்குறியைப் புறக்கணித்து, போன் வரைபடத்தை நம்பியது.

அக்டோபர் கூட்டத்தில் விவாதமே இல்லை. ஓடைக்கரையில் போனைக் கையில் எடுக்கக் கூடாது என்று முப்பத்தேழாவது விதி போட்டார்கள். ஏரிப்பாதைக்கு ஆயுளுக்கும் நான்தான் முன்னோடி என்று ஒருமனதாக முடிவாயிற்று. தலைவர் மரியாதைக்கு என் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துணி போட்டார், அதைப் பிடித்துக்கொண்டே அழுதார். மே மாதம் அவனுக்காகத் தூக்கிய கைகளெல்லாம் இப்போது எனக்காகத் தட்டின. ஒட்சலின் படத்தைச் சங்க அறையில் மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வரும் ஓட்டிகளுக்கு அதைக் காட்டித்தான் பாடம் சொல்கிறார்கள்: "இவன மாதிரி மண்டக்கனம் புடிச்சுப் போகாத. லுண்டுப்போட கல்லப் பாரு."

எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யாங்டோல் தினமும் காலையில் எனக்குத் தேநீர் ஊற்றும்போது அழுவாள். தம்பி செத்ததற்கு அழுகிறாள், அழட்டும் என்று இருந்தேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன். உங்க கல்ல அவன் அவமதிச்சுட்டான். அது மட்டும் பாத்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பான். அவன மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்ல விடு" என்றேன். ஒரு நல்ல புருஷன் வேறென்ன சொல்வான்? எட்டு மாதமாக அவள் கேட்கிறாள், நான் மன்னித்துக்கொண்டே இருக்கிறேன். பெரிய மனது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

ஆனால் ஒவ்வொரு தடவை அவள் அப்படிச் சொல்லும்போதும் எனக்கு உள்ளே ஏதோ அறுக்கிறது. மனச்சாட்சி என்பது இதுதான் போலிருக்கிறது. ஒரு செத்த மனிதன்மேல் ஊரே சேர்ந்து பொய்ப்பழி போடுகிறது. என் கல்லை அவன் மதிக்கவில்லையாம். அவன் அக்காளே நம்புகிறாள். எதிர்த்துப் பேச அவன் இல்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன், வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயமா? அவனுடைய நல்ல பெயருக்காகத்தான் சார், அவனுக்காக மட்டும்தான் இன்று காலையில் துணியை மாற்றிக்கொண்டு இங்கே வந்தேன்.

உண்மை என்ன என்பதை அன்று சாயங்காலமே அந்தப் புனேப் பெண் என்னிடம் சொல்லிவிட்டாள். கூடாரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்.

"அங்கிள், போன் இன்னும் மேல, அந்த வளைவுகிட்டக் கடக்கச் சொல்லிச்சு. நான் அதத்தான் அவர்கிட்டக் காட்டினேன். அவர் சிரிச்சாரு. 'மேடம், அது போன வருஷத்துத் தண்ணி. அந்தப் பக்கம் பாருங்க, வெள்ளக் கல்லு. எங்க அச்சோ காலைல இந்தக் குளிர்ல எறங்கி வச்சிருக்காரு. கூட்டத்துல நான் ஆயிரம் பேசுவேன், அவரு கல்லு இருக்கறப்பப் போன எவன் பாப்பான்'னு சொன்னாரு. உங்க மேல அவ்ளோ மரியாத அவருக்கு."

போன் காட்டிய அந்த வளைவில் அன்று பிற்பகலிலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருக்காது. நானே காலையில் நடந்து பார்த்திருந்தேன்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்றில்லை. நான் உட்கார்ந்திருந்த பாறைக்குப் பின்னாலிருந்து நானே பார்த்தேன். போனைச் சட்டைக்குள் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. அத்தனை வெள்ளத்துக்கு நடுவில் அவன் கண் என் வெள்ளைக் கல்மேலேயே இருந்தது. என் உச்சி குளிர்ந்துவிட்டது சார். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என் கல்லை அப்படிப் பார்த்ததில்லை. கையை ஆட்டியிருந்தால் அவன் என்னைப் பார்த்திருப்பான், கல்லிலிருந்து கண்ணை எடுத்திருப்பான். அதனால்தான் ஆட்டவில்லை.

கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். பழைய கோப்பில் அந்தப் போன் என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள்.